பெட்டி வராமல் ஊருக்குள் தலைகாட்டாத சிவபாலண்ணன்

பெட்டியிலிருந்து செலோடேப்பை உரிக்கும்போது வரும் அந்த "கிர்ர்ர்" சத்தம்... கூடவே சவர்க்காரமும் பவுடரும் புதுக் கம்பளியும் கலந்த ஒரு வாசம். வாழைச்சேனையில் நான் வேலை பார்த்த கார்கோ ஒபிஸ் முழுக்க அந்த வாசம்தான். ஜன்னலைத் திறந்தால் வாவிச் சேற்றின் வாசமும் வந்து சேரும்.

வெளிநாட்டிலிருந்து கப்பலில் போடும் பெட்டிகள் கொழும்பில் இறங்கி, லொறியில் எங்களிடம் வரும். "பெட்டி எப்ப வரும்?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதுதான் என்னுடைய முழு உத்தியோகம்.

கச்சான் என்கிற வெக்கைக் காற்று வீசும் ஒரு காலத்தில் சொல்வதற்குப் பதிலே இல்லாமல் போயிற்று. கொழும்புத் துறைமுகத்தில் நெரிசல். எங்கள் கொண்டெய்னர் இருந்த கப்பல் கொஞ்ச நாள் வெளியே நின்று பார்த்துவிட்டு, இறக்காமலே அடுத்த நாட்டுக்குப் போய்விட்டது. ஹோல்ட்டில் நிறுத்தாமல் போகிற பஸ் மாதிரி! இனி அங்கே இறக்கி, வேறு கப்பலில் ஏற்றித் திருப்பிக் கொண்டுவர வேண்டும். கேட்டால், வேறு துறைமுகத்தில் இறக்கக் கப்பல்காரருக்கு உரிமை இருக்கிறதாம், பில்லின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறதாம். அதை யார் வாசித்தது?

அந்த நேரம் பார்த்துத்தான் சிவபாலண்ணன் கட்டாரிலிருந்து லீவில் வந்து இறங்கினார். கல்குடாக்காரர். தானும் பெட்டியும் ஒன்றாக வந்து சேருகிற மாதிரிக் கணக்குப் பண்ணி முன்கூட்டியே அனுப்பியிருந்தார். ஆள் வந்துவிட்டார், பெட்டியைக் காணவில்லை.

எங்கள் பக்கத்தில் வெளிநாட்டால் வந்தவர் சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் போக வேண்டும். வெறுங்கையோடு போகக்கூடாது. ஒரு சவர்க்காரம், ஒரு பால்மா டின், ஒரு பெட்சீட்... ஏதாவது. கடையில் வாங்கிக் கொடுத்தால் அது வெளிநாட்டுச் சாமான் ஆகுமா? அதனால் பெட்டி வரும்வரை யார் கண்ணிலும் படுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டார். ஒளிந்திருக்க அவர் பிடித்த இடம் எங்கள் ஒபிஸ்.

காலையில் நாங்கள் கதவு திறக்கும்போதே வாசலில் நிற்பார். இருட்டிய பிறகுதான் வீட்டுக்குப் போவார். உட்காருவார், எழும்புவார். லொறிச் சத்தம் கேட்டால் ரோட்டுக்கு ஓடுவார். திரும்பி வந்து எங்கள் காற்றாடியைக் கழற்றித் துடைத்துப் பூட்டுவார். அவரைப் பார்த்துப் பார்த்து எனக்கும் இருப்புக் கொள்ளாமல் போய்விட்டது.

"தம்பி, கப்பல் இப்ப எங்க?"

"கடலுக்கதான் அண்ணன்."

"அது எனக்கும் தெரியும். எந்தக் கடல்?"

ஒரு நாள் அவருடைய மாமி ஒருவர், தன் மகன் அனுப்பிய பெட்டியை விசாரிக்க வந்துவிட்டார். அண்ணன் பாய்ந்து போய் அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டார். மாமி போகும்போது சொன்னார்:

"சிவபாலனும் வந்திரிக்கானாம். கண்டா சொல்லுங்க மனே, எங்களயெல்லாம் மறந்திட்டானா எண்டு."

அவர் போன பிறகு எழும்பி வந்த அண்ணனின் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. இப்படி ஒளிகிறாரே என்று கோபமும் வந்தது. லீவு கரைந்துகொண்டிருந்தது.

பிறகு ஒரு மத்தியானம் ஓட்டோவில் அவருடைய மனைவியும் மகளும் வந்தார்கள். அண்ணன் வெளிநாடு போகும்போது தவழ்ந்துகொண்டிருந்த பிள்ளை. இப்போது முன்பல் விழுந்திருந்தது. தகப்பனைப் பார்க்கவே இல்லை. நேரே என் மேசைக்கு வந்தாள்.

"மாமா, பெட்டி வேணாம். அப்பாவ ஊட்டுக்கு வரச் சொல்லுங்க."

"இரி புள்ள... உன்ட சைக்கிளும் அதுக்குள்ளதான் இரிக்கி" என்றார் அண்ணன், மெல்ல.

"சைக்கிளும் வேணாம்."

மனைவி வாசலில் நின்றபடியே கேட்டார். "இஞ்ச வந்து இரிக்கத்தானா லீவு எடுத்த நீங்க?"

அண்ணன் எழும்பினார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு அவர்களோடு போனார். பிறகு ஒபிஸ் பக்கம் வரவே இல்லை. மகளை மோட்டார் சைக்கிளில் முன்னால் வைத்துக்கொண்டு, வெறுங்கையோடு எல்லா வீட்டுக்கும் போனாராம். எல்லா வீட்டிலும் சோறு போட்டார்களாம். ஒரே ஒரு மச்சான்தான் சென்ட் போத்தல் எங்கே என்று கேட்டானாம்...

அவர் கட்டாருக்குத் திரும்பிப் போன பிறகுதான் பெட்டி வந்தது.

லொறியோடு நானும் கல்குடாவுக்குப் போனேன். வீடியோ கோலில் அண்ணன். "அந்தச் சிவப்புப் பை மாமிக்கு... ஐயோ அதில்ல! போனத் திருப்புகா, முகடுதான் தெரியுது!" என்று அங்கிருந்து கத்துகிறார். எல்லோரும் சிரித்தோம்.

கடைசியாகச் சைக்கிளின் பாகங்களை எடுத்துப் பொருத்திப் பூட்டினோம். பிள்ளை ஏறி உட்கார்ந்தாள். முழங்கால் ஹேண்டிலில் முட்டியது. சின்னச் சைக்கிள். அவர் மனதில் இருந்த பிள்ளை அந்த அளவுதான்.

"நல்லா ஓடுது அப்பா" என்று சொல்லி, முழங்காலை அகட்டி வைத்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஓட்டிக் காட்டினாள்.

இப்போது நானும் தோஹாவில்தான். எந்தக் கடல் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை, போனில் தட்டினால் கப்பல் ஒரு புள்ளியாகத் தெரியும். தெரிந்து என்ன... என்னுடைய பெட்டி ஏறிய கப்பலும் கொழும்புக்கு வெளியே அசையாமல் நிற்கிறது. அடுத்த கிழமை எனக்கு லீவு.

அந்தப் பெட்டிக்குள் மகனுக்குச் சப்பாத்து வைத்திருக்கிறேன். சிவபாலண்ணனை நினைத்து, மனைவியிடம் அளவு கேட்டு, அதற்கு ஒரு அளவு பெரிதாகவே வாங்கினேன். இன்று காலை வீடியோ கோலில் காலைத் தூக்கிக் காட்டினான். அதுவும் அளவு காணாதோ என்று பயமாக இருக்கிறது.

"அப்பா, நீங்க சப்பாத்து வந்த புறகா வருவீங்க, முந்தியா?"

"முந்தி வருவன் மனே" என்றேன். "வந்த உடன எல்லார்ர ஊட்டுக்கும் போவம்."

சொல்லிவிட்டேன்... இதை எழுதி முடிப்பதற்குள் எத்தனை தரம் அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டேன் என்று எனக்கே தெரியாது.