ஒட்டு வாள்

என் வீட்டுக்காரர் தெராவ் ஷிகெஹாருவைப் பற்றி, கத்தி செய்வதற்குப் பேர்போன எங்கள் செகி ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் "கோபக்காரன்" என்பார்கள். கத்தரிக்கோல் தொழிற்சாலையில் சாணைச் சக்கரத்தின் முன்னால் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்த மனிதர். சக்கரம் அவருடைய இடது ஆள்காட்டி விரலின் நுனியைத் தின்ற அன்று, விரலைக்கூடப் பார்க்காமல் சக்கரத்தை எட்டி உதைத்தார். காலில் எலும்பு முறிந்தது. கையில் ஒரு கட்டு, காலில் ஒரு கட்டோடு வீட்டுக்கு வந்து, "யாரும் சிரிக்கக் கூடாது" என்றார். நான் சிரித்தேன். சோற்றுக் கிண்ணம் சுவரில் பட்டு உடைந்தது.

வாள் பைத்தியம் அவருக்கு ஐம்பது வயதில் பிடித்தது. மகள் கல்யாணமாகிப் போனபோது விட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டரில், பழைய வாள்கள் ஏலத்துக்கு வருகின்றன என்று கண்டுபிடித்தார். "பரம்பரைக் கிடங்கிலிருந்து முதல்முறையாக வெளியே வருகிறது" என்று போட்டிருந்த ஒரு வாளை வாங்கினார். வந்ததும் மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்து, பிடியைக் கழற்றி, உள்ளே இருந்த காம்பைத் தடவினார். விரலெல்லாம் செந்துரு. முந்நூறு வருடத் துரு கறுத்து இறுகிக் கிடக்கும், கையில் ஒட்டாது. இது போன மாதம் அமிலத்தில் ஊறிய துரு. அடுத்து வாங்கிய வாளின் காம்பில் பெரிய கொல்லன் ஒருவனின் பெயர் வெட்டியிருந்தது. எழுத்தின் விளிம்பு நகத்தைக் கீறியது, பள்ளத்துக்குள் இரும்பு புதிதாகப் பளபளத்தது. அதைக் கொல்லையில் கல்மேல் வைத்துச் சம்மட்டியால் மூன்று துண்டாக்கினார். ஒரு துண்டு பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் போனது. மன்னிப்புக் கேட்கப் போனது யார்? நான்தான்.

அதற்கப்புறம் ஊருக்கெல்லாம் உபதேசம். உபதேச மேடை, ஒகிசோவின் விலாங்கு மீன் கடை. ஒகிசோவும் இவரும் பால்வாடியிலிருந்தே சேர்ந்து அடிபட்டவர்கள். ஒகிசோ விலாங்கின் தலையில் இரும்பு முள்ளை அடித்துப் பலகையோடு நிறுத்தி, ஒரே இழுப்பில் கிழித்துக்கொண்டே கேட்பார். இவர் பேசிக்கொண்டே இருப்பார்.

"படத்தைப் பார்த்து மயங்கக் கூடாதுடா. வாளும் காம்பும் சேர்ற இடத்துல ஒரு செம்புப் பூண் இருக்கும்ல? திருட்டெல்லாம் அதுக்குள்ளதான். நல்ல கொல்லன் பேர் இருக்கிற காம்பை வெட்டி எடுத்து, ஏதாவது உதவாக்கரை வாளோட பத்த வெச்சு, பூணைப் போட்டு மூடிடுவானுங்க. பூணைக் கழட்டிப் படம் போட மாட்டேங்கிறவன்கிட்ட வாங்கவே கூடாது."

"எல்லாம் சரி ஷிகெ. இவ்வளவு தெரிஞ்ச நீ ரெண்டு தடவை எப்படிடா மொட்டையடிச்சுக்கிட்டு வந்தே?"

"வாயை மூடிட்டு மீனை அறுடா."

ஒகிசோவின் மனைவி கிகுயோ அடுப்புக்குப் பின்னாலிருந்து சிரிப்பாள். நல்ல சிரிப்பு அவளுக்கு.

இத்தனை பேசிய மனிதர் மூன்றாவது வாளை எப்படி வாங்கினார் தெரியுமா? ஹமாமட்சுவில் உமெகாவா என்ற ஒருவன் போட்டிருந்தான். எங்கள் மினோ வட்டாரத்துக் கொல்லனின் பெயர் வெட்டியது, நானூறு வருடம் பழையது. காம்புக்குப் படம் இருந்தது, அலகுக்கு இருந்தது, உறைக்குக்கூட இருந்தது.

"ஏங்க, பூணைக் கழட்டின படம் எங்க?" என்றேன்.

"ஏலம் முடிய பத்து நிமிஷம்தான் இருக்கு. எவனோ ஒருத்தன் ஏத்திக்கிட்டே போறான். நீ சும்மா இரு."

கோடை போனஸ் முழுவதும் அந்தப் பத்து நிமிடத்தில் போனது. தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் வாள் வந்தபோது, சொல்ல வேண்டும், அழகாகத்தான் இருந்தது. இரண்டு மாதம் அதற்கு எண்ணெய் போட்டுத் துடைத்தார். தெருவில் ஒருவரையும் விடவில்லை, எல்லோருக்கும் காட்டினார்.

அக்டோபரில், கத்தித் திருவிழா முடிந்த அடுத்த ஞாயிறு. வாள் பயிற்சிக்கூடத்துக் கொல்லையில் பாய் வெட்டு நடந்தது. நனைத்துச் சுருட்டிய பாயைக் கம்பத்தில் நிறுத்தி வெட்டுவார்கள். அதற்கென்றே புது வாள்கள் உண்டு, பழைய வாளை யாரும் வீசுவதில்லை. அதையும் நூறு தடவை சொன்னவர் இவர்தான். நான் உருண்டைச் சோறு கட்டிக்கொண்டு போயிருந்தேன். ஒகிசோவும் கிகுயோவும் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார்கள்.

"என்னடா ஷிகெ, எல்லாரும் வெட்டறாங்க, நீ பொம்மையை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கே?" என்றார் ஒகிசோ. "வெட்டுமா அது? இல்ல முள்ளங்கி சீவத்தானா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான், வெட்கக்கேடு. இவர் எழுந்தார். முதல் பாய் இரண்டாக விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. ஒகிசோ கையைக் கட்டிக்கொண்டு ஆறடி தள்ளி நின்று, "அடேங்கப்பா!" என்றார். மூன்றாவது வீச்சில் டக்கென்று ஒரு சத்தம். இவர் கையில் பிடி மட்டும் இருந்தது.

அலகு முழுவதாகப் பறந்து போய் ஒகிசோவின் தாடைக்குக் கீழே, கழுத்தில் இறங்கியது. அவர் விழவில்லை. ஏதோ சொல்ல வந்ததுபோல வாயைத் திறந்தார், ரத்தம்தான் வந்தது. கையால் அலகைப் பிடித்து இழுத்துவிட்டார். இழுத்திருக்கக் கூடாது. ரத்தம் பீறிட்டுப் பாய்மேல் அடித்தது. இவர் ஓடிப்போய் இரண்டு கையாலும் கழுத்தை அழுத்தினார். விரலிடுக்கில் ரத்தம் துடித்துத் துடித்து வந்து முழங்கை வரை நனைந்தது. "டேய், டேய், என்னைப் பாருடா" என்று கத்தினார். ஒகிசோவின் கால் இரண்டு முறை சரளைக்கல்லை உதைத்தது, நின்றது. கிகுயோ பக்கத்தில் மண்டியிட்டுக் கணவனின் செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தாள். அது எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

பூணுக்குள் ஒட்டு. பழைய காம்பு ஒன்று, அலகு வேறொன்று, நடுவில் வெள்ளை உலோகத்தால் பற்றவைத்திருந்தது. உமெகாவா போலீசுக்கு நயமாகக் கடிதம் எழுதினான். நானும் இப்படியேதான் வாங்கினேன், உள்ளே ஒட்டு இருப்பது எனக்குத் தெரியாது, தொன்மையான பொருளை வெட்டப் பயன்படுத்தியது வாங்கியவர் தவறு, ஆழ்ந்த அனுதாபங்கள் என்று. அவனுக்குத் தெரியும் என்று நிரூபிக்க வழியில்லை என்றார்கள் போலீசார். விபத்து என்று எழுதினார்கள்.

சாவு வீட்டில் இவர் தலையைத் தரையில் வைத்துக் கும்பிட்டார். கிகுயோ ஊதுவத்திச் சாம்பல் கிண்ணத்தை எடுத்து இவர் மண்டையில் ஓங்கி அடித்தாள். சாம்பலும் ரத்தமும் கண்ணில் வழிய இவர் அசையவில்லை.

"உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாது கிகுயோ."

"அப்ப வித்தவனுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வித்தானான்னு கேட்டுட்டு வாங்க. என் புருஷனை யார் கொன்னதுன்னு எனக்குத் தெரியணும். அதுவரைக்கும் இந்த வாசப்படியை மிதிக்காதீங்க."

அதற்கப்புறம் இவருக்கு வேலை அது ஒன்றுதான். தினமும் ஏலப் பக்கத்தைத் திறந்து உமெகாவாவைத் தேடுவார். ஏழு மாதம் அந்தப் பெயர் வரவில்லை. மே மாதம் வேறு பெயரில் ஒரு வாள் வந்தது. படத்தின் பின்னால் அதே சாம்பல் துணி, அதே எழுத்து நடை, பூண் கழற்றிய படம் இல்லை. நேரில் பார்த்து வாங்குகிறோம் என்று என் பிறந்த வீட்டுப் பெயரில் எழுதினேன். அவன் முகவரி கொடுத்தான்.

சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். உமெகாவா குள்ளமான, சுத்தமான ஆள். எங்களைப் பார்த்ததில்லை, அடையாளம் தெரியவில்லை. கொல்லைப் பக்கம் திறந்திருந்த அறையில் உட்கார வைத்தான். வாளை உருவிக் காட்டினான்.

"பூணைக் கொஞ்சம் கழட்டிக் காட்டுங்க" என்றார் இவர்.

"அது நூறு வருஷமா இறுகிப் போச்சுங்க ஐயா. கழட்டினா அலகுக்குக் கேடு."

"அப்படியா." இவர் வாளை வாங்கிக்கொண்டு எழுந்தார். "கைக்கு எப்படி இருக்குன்னு ஒரு தடவை வீசிப் பார்க்கிறேன். அதோ அந்தத் தூணைக் கொஞ்சம் தட்டினா ஒண்ணும் ஆகாதே?"

உமெகாவா மனைவி அந்த நேரம் தேநீர்த் தட்டோடு வந்து, தூணுக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். இவர் வாளைத் தலைக்கு மேலே தூக்கினார்.

"எந்திரிடீ!" என்று உமெகாவா அலறினான். பாய்ந்து அவள் முடியைப் பிடித்து இழுத்துத் தள்ளினான். தட்டு சிதறியது. "வீசாதீங்க! ஒட்டு தாங்காது!"

அந்தப் பெண் தரையில் கிடந்தபடி புருஷனைப் பார்த்தாள்.

இவர் வாளை மெதுவாகக் கீழே வைத்தார். உறையை எடுத்தார். முதல் அடி வாயில். முன்பல் இரண்டு பாயில் விழுந்தன. "இவ மேல பட்டா தாங்காதுன்னு தெரியுது, ஒகிசோ மேல படலாமா?" அடுத்தது காதில். அவன் தவழ்ந்து கொல்லைக்கு ஓடப் பார்த்தான். காலைப் பிடித்து இழுத்து முதுகில் அடித்தார், உறை பிளந்தது, பிளந்த உறையாலும் அடித்தார். தடுத்தேனா என்று கேட்காதீர்கள். நான் அவன் விலாவில் ஓங்கி ஒரு உதை விட்டேன். வயிறு குளிர்ந்தது.

உமெகாவா ரத்தத்தைத் துப்பிக்கொண்டு திரும்பினான். "செகிக்காரனா நீ? கத்தி ஊர்க்காரன்! ரெண்டு மாசம் கையில வெச்சிருந்தே. பூண் வழுக்கிக்கிட்டு வருமே அதுல! கழட்டிப் பார்க்காமயா இருந்தே?"

இவர் ஓங்கிய கை நின்றது.

"ஏங்க, சொல்லுங்க அவனுக்கு" என்றேன். "பார்க்கலைன்னு சொல்லுங்க."

இவர் உறையைப் போட்டுவிட்டு வெளியே போனார்.

காரில் டொயோஹாஷி தாண்டினோம். நான் வாயைத் திறந்தேன். என் வாயில் வந்த வசவுகளை இங்கே எழுத முடியாது. கடைசியில் இவர் சாலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"வந்த அன்னைக்கே கழட்டினேன். மயிரிழை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. என்னன்னு தெரிஞ்சுது. திரும்பப் போட்டுட்டேன்."

"தெரிஞ்சு எதுக்குய்யா வீசினே?"

"ஒகிசோ சிரிச்சான்."

அவரை அறைந்தேன். வண்டி தடுப்பில் உரசி நின்றது. இருபத்தெட்டு வருடத்தில் நான் அவரை அறைந்தது அதுதான் முதல் தடவை. கன்னத்தைத் தொடாமல் வண்டியை எடுத்தார்.

நேராக விலாங்குக் கடைக்குப் போனார். வாசப்படியில் நின்று, "கேட்டுட்டு வந்துட்டேன்" என்றார். கடையில் சாப்பிட ஆள் இருந்தார்கள். கிகுயோ இப்போது பலகைக்கு முன்னால் நிற்கிறாள், மீன் அறுப்பது அவள்தான். தலையசைத்து உள்ளே வரச் சொன்னாள்.

"அவனுக்குத் தெரியும்" என்றார் இவர்.

கிகுயோ கண்ணை மூடித் திறந்தாள். "அப்பாடா" என்றாள். "உங்களைப் போய் அடிச்சேனே ஷிகெ அண்ணா."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்திவிடு, நிறுத்திவிடு என்று என் மனசு அடித்துக்கொண்டது. என்னைத் திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள், எனக்கு இருப்பது ஒரே புருஷன்.

"எனக்கும் தெரியும்" என்றார் இவர். வலது கையை ஈரப் பலகையின் மேல் விரித்து வைத்தார். "ஒட்டைப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் வீசினேன்."

கிகுயோ அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விலாங்குத் தலையில் அடிக்கும் முள்ளை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, கத்தியின் பின்பக்கத்தால் ஒரே அடி. முள் சதையைத் துளைத்துப் பலகையில் இறங்கியது. நான்தான் கத்தினேன். இவர் பல்லைக் கடித்தார், கையை இழுக்கவில்லை. அவளே முள்ளைப் பிடுங்கினாள். பலகையில் தண்ணீரை ஊற்றிக் கழுவினாள்.

"இங்க சொன்னது எனக்கு" என்றாள். "போலீஸ்ல சொல்றது அவருக்கு. போங்க."

துண்டால் கையைச் சுற்றிக்கொண்டு நடந்தே போனார். நான் பின்னால் போனேன். போலீஸ் நிலையத்தில் இருந்த இளைஞன் துண்டில் ஊறிய ரத்தத்தைப் பார்த்துப் பதறி எழுந்தான்.

"ஐயா, கையில யார் குத்தினது?"

"அதை விடுங்க தம்பி" என்றார் என் வீட்டுக்காரர். "போன அக்டோபர்ல ஒரு ஆளைக் கொன்னேன். விபத்துன்னு எழுதி வெச்சிருக்கீங்க. அதைத் திருத்தணும்."