உமரி இல்லாத இடம்

ஏரியை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு, தடா போகும் ரோட்டில் நானும் நைனாவும் நடந்துகொண்டிருந்தோம். நைனாவுக்குக் கழுத்துவரை சேறு. வெயிலில் காயக் காய அது வெளுத்து, நடையில் சில்லுசில்லாக உதிர்ந்தது. ஷேர் ஆட்டோக்கள் வேகத்தைக் குறைத்து, அவரைப் பார்த்துவிட்டு, நிறுத்தாமல் போயின.

அப்போது எனக்குப் பத்து வயது. நகரியில் விசைத்தறி வேலை போன பிறகு சித்தூர், திருப்பதி என்று சுற்றி, பழவேற்காடு ஏரியின் ஆந்திரக் கரைக்கு வந்திருந்தோம். நான் சேர்ந்த மூன்றாவது பள்ளிக்கூடம் அங்கேதான். ஒரு விடுதிக்கு வரும் ஆட்களை உப்புச் சேற்று நிலத்தில் நடத்திக் கூட்டிப்போய்ப் பறவை காட்டுவது நைனாவின் வேலை. அது நிலைத்தால்தான் பையன் ஒரே பள்ளியில் படிப்பான் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். பறவை கிட்டத்தில் தெரியவில்லை என்று இன்னொருவர் குறை சொன்னால் வேலை கிடையாது என்று விடுதி முதலாளியும் சொல்லி வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீர் பாட்டில்களைச் சுமந்துகொண்டு நானும் போவேன். நைனா எனக்குப் போட்ட கட்டளைகள் இரண்டு. சத்தம் போடக்கூடாது. உமரிச் செடி முளைத்த இடத்தில் மட்டும் கால் வைக்க வேண்டும். உமரி இல்லாத இடத்தில் மேலே உப்புப் பூத்துத் தரைபோலத் தெரியும்; அடியில் வெறும் சேறு.

அன்று சென்னையிலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். பூநாரைகள் வெகுதூரத்தில் அழுக்கு வெள்ளைக் கோடாக நின்றன.

"இதுக்கா இவ்ளோ தூரம்? எங்க மொட்டை மாடியில காக்காவே இதவிடப் பெருசா தெரியும்" என்றார் கணவர். மனைவி சிரித்தார். நைனாவும் கூடவே சிரித்தார். பிறகு உமரி முடியும் இடத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.

"என் பின்னாலயே வாங்க சார், கொஞ்சம் தள்ளிப் போனா நல்லா தெரியும். டேய், நீ இங்கியே நில்லு."

உமரியைத் தாண்டியதும், நைனாவைத் தாங்கிய தரை அந்தக் கணவரைத் தாங்கவில்லை. இடுப்புவரை இறங்கிவிட்டார். நைனா சேற்றில் குப்புறப் படுத்தார். "என் முதுவுமேல ஏறி ஊர்ந்துகினு போங்க சார், பயப்படாதீங்க." அந்த மனிதர் நைனாவின் மேல் ஊர்ந்து கரையேறினார். நைனா எழுந்து வர நெடுநேரம் ஆனது. மனைவி போட்ட கூச்சலில் பூநாரைகள் மொத்தமாகக் கிளம்பி எங்கள் தலைக்கு மேலே பறந்தன. அவ்வளவு கிட்டத்தில் அவை வந்ததே இல்லை. இறக்கைக்கு அடியில் குங்குமச் சிவப்பு. நான் மட்டும்தான் நிமிர்ந்து பார்த்தேன்.

முதலாளி அதிகம் பேசவில்லை. "ரேப்பு நுஞ்சி ராவொத்து" என்றார். நாளையிலிருந்து வர வேண்டாம், அவ்வளவுதான்.

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத" என்றார் நைனா, ரோட்டில். வீட்டில் சொன்னார். "அப்போ இஸ்கூலு?" என்று மட்டும் அம்மா கேட்டாள். நைனா முழங்கையில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஒரு இறால் குட்டையில் வேலை கிடைத்தது. இறால் தின்ன வரும் கொக்கையும் நீர்க்காகத்தையும் விரட்ட வேண்டும். குட்டை பெரிது, இரண்டு கரையிலும் ஆள் வேண்டும் என்றார்கள். ஒரு கரையில் நின்று நைனா வெடி கொளுத்தினார். எதிர்க்கரையில் எனக்கு ஒரு தகர டப்பாவும் குச்சியும்.

"நல்லா கத்துடா" என்று அங்கிருந்து சத்தம் போட்டார்.

தொண்டை கிழியக் கத்தினேன். அன்று திங்கட்கிழமை. எனக்கு லீவு விட்ட மாதிரிதான் இருந்தது.