மேலே வாங்க என்றேன்

பட்டப்பகலில், சுரங்கத்தின் மேல்வாயில் வாக்கிடாக்கியைப் பிடித்தபடி நான் நின்றிருந்தேன். உள்ளே, சரிவில், பாறை அள்ளும் லோடர் வண்டி எரிந்துகொண்டிருந்தது. அதற்குச் சற்று மேலே மேஸ்திரியும் இரண்டு தொழிலாளர்களும் இருந்தார்கள். "தீ அடங்கல சார். நாங்க கீழ எறங்கிர்றோம்" என்றார் மேஸ்திரி. கீழ்வாய் தொலைவு, மேல்வாய் பக்கம். ஆம்புலன்சும் என்னருகேதான் நின்றது. "வேண்டாம், மேலே வாங்க, சீக்கிரம்!" என்று கத்தினேன்.

லோயர் கேம்புக்கு மேலே, தண்ணீர் கொண்டுபோக மலையைச் சரிவாகக் குடைந்த சுரங்கம் அது. நான் அங்கே பாதுகாப்பு இன்ஜினியர். சரிவில் தீப்பிடித்தால் சுரங்கமே புகைபோக்கி ஆகிவிடும். சூடான புகை கூரையை ஒட்டி மேலே ஓடும், கீழிருந்து நல்ல காற்று தீயை நோக்கி வரும். கீழே நிற்பவன் மூச்சுவிடலாம், மேலே ஓடுகிறவனைப் புகை முந்திவிடும். பரீட்சையில் படம் போட்டு எழுதியவன் நான். அந்த ஒரு நிமிடத்தில் தூரம் மட்டும்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

என் குரலைக் கேட்டு அந்த இருவரும் மேலே ஓடினார்கள். மேஸ்திரிக்கோ எந்தப் பக்கம் போகணும் என்று தெரிய, காலில் பட்ட காற்றே போதுமாக இருந்தது. "ஏலே, திரும்புங்கடா! காத்து கீழருந்து வருது!" என்று அவர் கத்தியது கேட்டது. பிறகு இருமல். பிறகு ஒன்றுமில்லை. என் எதிரே சுரங்கம் கரும்புகையைக் கக்கியது. அவர் புகைக்குள் ஏறிப்போய் இருவரையும் இழுத்துவந்து, லோடருக்கும் சுவருக்கும் இடையிலிருந்த சந்து வழியாகக் கீழே தள்ளிவிட்டு, கடைசியாக வந்தார். மூவரும் பிழைத்தார்கள். அவருடைய கன்னம் வெந்துபோனது. நுரையீரல் பழையபடி ஆகவே இல்லை.

அறிக்கை எழுதியவன் நான். 'தொழிலாளர்கள் பதற்றத்தில் தாமாகவே மேலே ஓடினர்' என்று ஒரே வரி. யாரும் மறுக்கவில்லை.

பல வருடம் கழித்து, போன மாதம்தான் மேஸ்திரியின் ஊரான அனுமந்தன்பட்டிக்குப் போனேன். அவர் திராட்சைப் பந்தலின் கீழ் கொத்து நறுக்கிக்கொண்டிருந்தார். நாலு கொத்துக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். நான் எழுதிய வரியைச் சொன்னேன்.

"தெரியும் சார். வாசிச்சுக் காட்டித்தான் எங்ககிட்ட கையெழுத்து வாங்குனாக."

"அப்பவே ஏன் சொல்லலை?"

"நீங்களா வந்து சொல்லுவீகன்னு இருந்தேன்." கத்தரியைத் தாழ்த்தினார். "கூப்பிட்டது பதட்டத்துல சார். எழுதுனது உக்காந்து யோசிச்சுத்தான?"



இப்போது புதிய இன்ஜினியர்களுக்கு நான் வகுப்பெடுக்கிறேன். அவரைப் பார்த்துவந்த மறுவாரம் பலகையில் அந்தச் சரிவை வரைந்து, "இங்கிருந்தவர்களை மேலே வரச் சொன்னவன் நான்" என்றேன். அறிக்கையைத் திருத்தக் கேட்டு அலுவலகத்துக்கும் எழுதினேன். மேஸ்திரியைப் போனில் கூப்பிட்டுச் சொன்னபோது, "சரிங்க சார்" என்றார். அதற்குப் பிறகும் அவர் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. போனை வைக்க எனக்குக் கை வரவில்லை.