வெள்ளிக்கிழமை செய்த சிக்கன் சாலட்

என் மகள் என் வீட்டில் சாப்பிடுவதில்லை. மாதம் ஒருமுறை வேளச்சேரியிலிருந்து ராயபுரத்துக்கு வருகிறாள். என் பிரஷர் மாத்திரைகளைச் சரிபார்க்கிறாள், ஃபிரிட்ஜைத் துடைக்கிறாள், ஒரு சொம்பு தண்ணீர் குடிக்கிறாள். நான் தட்டை எடுத்தால், "சாப்ட்டுதாம்பா வந்தேன்" என்பாள். அவள் அம்மா இருந்தவரை அம்மா கையால் சாப்பிட்டாள், அதுவும் நான் எழுந்துபோன பிறகு. அம்மா போய் நான்கு வருடமாகிறது. குற்றம் என்னுடையது.

அவள் கல்லூரியில் படித்த காலம். மாலையில் ஓர் ஆங்கிலச் சிரிப்புத் தொடர் ஓடும். ஒரே அலுவலகத்தில் வேலை செய்யும் நாலைந்து பேர் மதியமானால் கீழே உள்ள ஓட்டலில் கூடிப் பேசுவார்கள், அவ்வளவுதான் கதை. வசனத்துக்கு வசனம் கண்ணில் படாத ஒரு கூட்டம் சிரிக்கும். அந்த ஓட்டல் மேஜைக்குப் பெரிய கிண்ணத்தில் சிக்கன் சாலட் வரும். என் மகளுக்கு அந்தக் கிண்ணத்தின் மேல் ஆசை.

ஒருநாள் அவளே செய்துவிட்டாள். அன்று தவக்காலத்து வெள்ளிக்கிழமை. எங்கள் கத்தோலிக்க வீடுகளில் அந்த வெள்ளிகளில் கறி அடுப்பேறாது. பரீட்சை விடுமுறையில் அவளுக்குக் கிழமையே மறந்திருந்தது. தினமும் கோயிலுக்குப் போகிற என் மனைவி, அன்றும் சிலுவைப்பாதை வழிபாட்டுக்குப் போயிருந்தாள். நான் துறைமுக அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றினேன்.

"கைகால் கழுவிட்டு வாப்பா. ஒரு ஐட்டம் கீது."

"இன்னாது?"

"டிவில வருமே, அது. சிக்கன் சாலட்."

"இன்னிக்கு இன்னா கிழமை?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, வெள்ளி! மறந்தே பூட்டேன்பா. ஃபிரிட்ஜ்ல வச்சி நாளைக்குத் துன்னலாம்."

அதோடு முடிந்திருக்க வேண்டும். நான் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், எதிர்வீட்டுக்காரர்கள் பார்க்க, தெருநாய்க்குக் கொட்டினேன். "ஆண்டவர் சிலுவையில தொங்குறாரு, உனுக்குக் கோழி கேக்குதா? அதுவும் ஆடு துன்ற தழையோட!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். உள்ளே தொலைக்காட்சியில் அந்தக் கூட்டம் சிரித்தது. அவள் போய் அதை அணைத்தாள். பிறகு அந்தத் தொடரை அவள் பார்த்து நான் கண்டதில்லை.

இதுவரை யாரிடமும் சொல்லாதது ஒன்று உண்டு. அன்று மதியம் நான் வண்ணாரப்பேட்டையில் மட்டன் பிரியாணி சாப்பிட்டிருந்தேன். ஜும்மா தொழுகை முடித்து வந்த அலுவலக நண்பர்தான் அழைத்துப் போனார்.

"இன்னா மாமு, உங்காளுங்களுக்கு இன்னிக்குக் கறி ஆவாதே?"

"வூட்லதான் ஆவாது. வெளிய ஆவும். நீ நல்ல பீஸா போடச் சொல்லு நைனா."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். மாலையில் நான் கத்தியபோது அந்தப் பிரியாணி ஏப்பமாக வந்துகொண்டிருந்தது. பக்தியில் கத்தவில்லை. மாட்டிக்கொள்வேனோ என்ற பயத்தில், என் பக்தியைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டேன்.

சமீபத்தில் அந்தத் தொடர் என் செல்போனில் அகப்பட்டது. கிண்ணம் வரும் இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பார்த்தேன். மகள் வரும் ஞாயிறன்று செய்தேன். எலும்பில்லாத கோழியை மிளகும் உப்பும் போட்டு வேகவைத்து, ஆறியதும் நார் நாராகப் பிய்த்தேன். வெங்காயத்தை அரிந்து தண்ணீரில் போட்டால் காரம் போகும் என்பது இந்த வயதில்தான் எனக்குத் தெரிந்தது. வெள்ளரிக்காய், கேரட், கொஞ்சம் கோஸ். தயிரைத் துணியில் கட்டிக் குழாயில் தொங்கவிட்டு வடித்து, எலுமிச்சை பிழிந்து, எல்லாவற்றையும் பிசறினேன். மேலே வறுத்த வேர்க்கடலை. பார்க்கச் சுலபம், எனக்கு அரை நாள் ஆனது. அன்று அவள் இதற்காக எவ்வளவு நேரம் சமையலறையில் நின்றிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கிண்ணத்தைப் பார்த்ததும் அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள். நான் அன்றைய பிரியாணியைப் பற்றிச் சொன்னேன்.

"தெரியும்பா" என்றாள். "அன்னிக்கு உன் சட்டைல பிரியாணி வாசன அடிச்சுது. தொவைக்கும்போது அம்மாவும் கண்டுபுடிச்சுட்டாங்க. உங்கப்பா மானத்த வாங்காதன்னாங்க."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா."

"கேட்டிருந்தா ஒத்துகினு இருப்பியா?"

நான் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"நீ கறி துன்னது பெருசில்லப்பா. நான் செஞ்சத நாய் துன்றத எதிர்வூட்டு அக்கா நின்னு பாத்துகினு இருந்தாங்க. அதான் மனசவுட்டுப் போவல."

"மன்னிச்சுக்கம்மா" என்றேன். "கொஞ்சம் சாப்டு."

"சாப்ட்டுதாம்பா வந்தேன்."

வழக்கம்போல மாத்திரைகளைப் பார்த்தாள், தண்ணீர் குடித்தாள். வாசலில் ஒரு காலைச் செருப்பில் நுழைத்தவள், திரும்பாமலே கேட்டாள்: "டப்பா எதுனா கீதா?"

அவள் அம்மாவின் எவர்சில்வர் டப்பாவில் நிரப்பிக் கொடுத்தேன்.

பதினெட்டு நாளாகிறது. சாப்பிட்டாளா, கொட்டினாளா என்று நான் போனில் கேட்கவில்லை. எங்கள் தெருவில் பண்டம் வந்த டப்பாவை யாரும் வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத் தருவார்கள். அவள் இந்தத் தெருவில் வளர்ந்தவள். அலமாரியில் அந்த டப்பா இருந்த இடத்தில் நான் வேறு எதையும் வைக்கவில்லை.