நான் ஆம்புலன்ஸ் இல்லை

மூன்று வருஷம் இருக்கும். ஹைதராபாத்தில் கொண்டாப்பூர் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்த்தேன். மொத்தமே பதினோரு பேர். ஊரில் இருக்கிற பிளம்பர், டியூஷன் சென்டர், பல் டாக்டர், லாரி சர்வீஸ் என்று எல்லோருடைய பெயரையும் போன் நம்பரையும் ஏரியாவாரியாகத் தொகுத்துப் போடும் இணையதளம் எங்களுடையது.

அப்படி ஒரு தளம் இருப்பதே யாருக்கும் தெரியாது என்பதுதான் பிரச்சினை. தேடினால் ஐந்தாவது, ஆறாவது பக்கத்தில் எங்கேயோ கிடக்கும். அதைத் தேடுபொறிக்குப் பிடித்த மாதிரி மாற்றி மேலே கொண்டு வருவது என் பொறுப்பு. ஒவ்வொரு ஏரியாவுக்கும் ஒவ்வொரு சேவைக்கும் தனிப் பக்கம் போட்டேன். தலைப்புகளைத் திருத்தினேன். இரண்டு முறை வந்ததை நீக்கினேன். எல்லாம் நியாயமான வேலைதான்.

காலிப் பக்கங்கள் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தன. பல ஏரியாக்களில் ஆம்புலன்ஸ் என்ற தலைப்பின் கீழே ஒன்றுமே இல்லை. ஆனால் வேன் வாடகை என்ற தலைப்பில் நிறைய நம்பர்கள் இருந்தன. ஆட்கள் அதிகம் தேடுவது ஆம்புலன்ஸைத்தான். இரண்டையும் ஒன்றாக்கி, மேலே ஆம்புலன்ஸ் என்று போட்டுவிட்டேன். அரை மணி நேர வேலை. முடித்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

இரண்டே மாதத்தில், ஊரின் இன்னொரு மூலையில் இருக்கும் நாச்சாரம் ஏரியாவுக்கு ‘நாச்சாரம் ஆம்புலன்ஸ்’ என்று தேடினால் எங்கள் பக்கம் முதலில் வந்தது. ஆபீசில் கேக் வெட்டினார்கள். முதல் துண்டு எனக்கு.

அதற்கப்புறம் ஒருநாள் வேறு எதையோ தேடப் போய், புகார்கள் வந்து விழும் மெயில் பெட்டியைத் திறந்தேன். அதை யாரும் படிப்பதே இல்லை. ஒரே ஆளிடமிருந்து ஒன்பது புகார்கள். எல்லாவற்றிலும் தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் ஒரே விஷயம்: நான் ஆம்புலன்ஸ் இல்லை, தயவுசெய்து என் நம்பரை எடுங்கள். முதல் புகார் வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது.

உடனே அந்த நம்பருக்குப் போன் செய்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு பெண் குரல் தெலுங்கில் மடமடவென்று சொன்னது. இது ஆம்புலன்ஸ் இல்லை, அரசாங்க நம்பரைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள், எந்தத் தெரு என்று அவர்களிடம் முதலில் சொல்லுங்கள் என்று. மனப்பாடம் செய்தது மாதிரி இருந்தது. நான் என் தமிழ்நாட்டுத் தெலுங்கில் தடுமாறி விஷயத்தைச் சொன்னதும் அந்தக் குரல் மாறியது.

“நீங்க தமிழா? நானும் தமிழ்தான். நாங்க சிகந்திராபாத்துல மூணு தலைமுறையா இருக்கோம். கம்பெனிலேர்ந்தா பேசறீங்க? இத்தனை நாள் எங்க போனீங்க மேடம்?”

நேரில் வருகிறேன் என்றேன். அதற்கு முன்னால் முதலாளியிடம் போனேன். இதைச் சொன்னால் பதறிப்போவார் என்று நிஜமாகவே நம்பினேன். அவர் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்தப் பக்கம்தான் இப்போது நமக்கு அதிக ஆட்களைக் கொண்டு வருகிறது, அடுத்த மாதம் விளம்பரக்காரர்கள் வருகிறார்கள், அதுவரை கை வைக்காதே என்றார். வேண்டுமானால் கீழே சின்ன எழுத்தில், தகவல்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று ஒரு வரி போட்டுவிடு என்றார்.

“சார், உயிருக்குப் போராடறவங்க கூப்பிடற நம்பர் சார் அது.”

“இதுவரைக்கும் யாராவது செத்துட்டாங்களா?” என்று கேட்டார், ஹிந்தியில், ரொம்ப சாதாரணமாக.

அந்த நிமிஷம் எனக்கு வந்த கோபத்தை இப்போது எழுதும்போதும் உணர்கிறேன். அப்படியே வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் நாச்சாரம் போனேன். அந்தப் பெண் மருந்துப் பெட்டிகள் பேக் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். சாப்பாட்டு இடைவேளையில் கேட்டுக்கு வெளியே வந்தார். கிட்டத்தட்ட என் வயது, நாற்பது இருக்கும். கணவர் முன்பு வேன் ஓட்டியபோது வாடகைக்கு என்று எங்கள் தளத்தில் கொடுத்த நம்பராம். வேனை விற்று ரொம்ப நாளாகிவிட்டது. பேங்க், கேஸ் சிலிண்டர், பிள்ளைகளின் ஸ்கூல் எல்லாவற்றுக்கும் அதே நம்பர்தான் என்பதால் மாற்றவும் முடியவில்லை.

“உள்ள போன் நக்கோ, கொண்டு வரவே கூடாதுன்னு ரூல். நான் பாக்கெட்ல ஒளிச்சு வெச்சுக்கறேன். ரெண்டு தடவ மாட்டிக்கிட்டேன். எதுக்கு போன் எடுக்கறேன்னு சூப்பர்வைசர் கத்தி, எழுதி வாங்கிட்டாரு. இன்னொரு தடவன்னா வேலை போயிடும்.”

“எடுக்காம விட்டுடலாமே?” என்றேன், அசட்டுத்தனமாக.

அவர் என்னைப் பார்த்த பார்வை! “மொதல் வாரம் கட் பண்ணிட்டுத்தான் இருந்தேன். ஒரு பொண்ணு மூணு தடவ கூப்பிட்டுச்சு. மூணு தடவையும் கட் பண்ணேன். அப்புறம் அது கூப்பிடல. திருப்பி அடிச்சா யாரும் எடுக்கல. அந்த வீட்ல என்ன ஆச்சோ, இன்னி வரைக்கும் தெரியல மேடம். அதுலேர்ந்து கட் பண்றதில்ல.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. எடுத்தார். யாரோ ஒருவருடைய அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார் போலிருக்கிறது. அரசாங்க நம்பரைச் சொன்னார். கேட்டைத் திறந்து வைக்கச் சொன்னார். தெருமுனைக்கு ஒரு ஆளை அனுப்பச் சொன்னார். பதற்றமில்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். பிரித்த டிபன் பாக்ஸை அப்படியே மூடினார்.

“யாருங்க என் நம்பர அங்க போட்டது?”

கம்பெனி மேல் பழியைப் போட்டிருக்கலாம். கம்ப்யூட்டர் தவறு என்றுகூடச் சொல்லியிருக்கலாம். “நான்தாங்க” என்றேன்.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். “படிச்சவங்கதானே நீங்க? போடறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கக் கூடாதா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, இடைவேளை முடிந்து தொழிற்சாலைச் சைரன் ஊதியதும் உள்ளே போய்விட்டார். மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

அன்று சாயங்காலமே ஆபீசுக்குத் திரும்பி, யாரிடமும் கேட்காமல், வேன் நம்பர்கள் கலந்த அத்தனை ஆம்புலன்ஸ் பக்கங்களையும் நீக்கினேன். அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தது இன்னொரு மடத்தனம். நான்கைந்து தளங்கள் எங்கள் பக்கத்தை அப்படியே காப்பி அடித்து வைத்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் எழுதினேன், திரும்பத் திரும்ப எழுதினேன். சிலர் நீக்கினார்கள். ஒருவர் பதில்கூடப் போடவில்லை. தவறாகப் போட எனக்கு அரை மணி நேரம்தான் ஆயிற்று. அதை எடுக்க ஒன்றரை மாதம் ஆயிற்று.

தவறு எங்களுடையது என்று அந்தப் பெண்ணின் சூப்பர்வைசருக்குக் கம்பெனி பெயரில் ஒரு கடிதம் கேட்டேன். முதலாளி மறுத்தார். பக்கங்களை நீக்கியதற்காக எல்லோர் முன்னிலையிலும் கத்தினார். என் பெயரிலேயே கடிதம் எழுதி, விடுப்பு போட்டுப் போய் நேரில் கொடுத்தேன். சூப்பர்வைசர் படித்துவிட்டு மேஜை டிராயரில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெண்ணின் வேலை போகவில்லை. அழைப்புகள் மெல்ல மெல்ல நின்றுவிட்டதாக ஒருநாள் அவரே சொன்னார். அதன் பிறகு நாங்கள் பேசவில்லை.

நான் உடனே ராஜினாமா செய்து வீராங்கனை ஆகவில்லை. வீட்டு நிலைமை அப்படி. நான்கு மாதம் அங்கேயே இருந்து, ரத்த வங்கி, ஆக்சிஜன், வீட்டுக்கு வரும் நர்ஸ் என்று மருத்துவம் சம்பந்தப்பட்ட ஒவ்வொரு நம்பருக்கும் நானே போன் செய்து பார்த்தேன். பாதிக்கு மேல் செத்த நம்பர்கள். ஆக்சிஜன் என்று போட்டிருந்த ஒரு நம்பரில் வெல்டிங் கடைக்காரர் பேசினார். வேலை நேரத்தை வீணாக்குகிறேன் என்று முதலாளிக்கு ஒரே எரிச்சல். எல்லாவற்றையும் சரிசெய்து முடித்த பிறகுதான் வேறு வேலை தேடிக்கொண்டேன்.

இப்போதும் இதே மாதிரி வேலைதான் செய்கிறேன், குகட்பள்ளி வீட்டிலிருந்தே. கூட வேலை செய்பவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், எதிர்முனையில் ஒரு மனிதக் குரல் ஹலோ சொல்வதைக் கேட்காமல் எந்த நம்பரையும் யாருக்கும் கொடுக்க என்னால் இனி முடியாது.