மூக்கர் வீட்டம்மா

அந்தத் தேயிலைத் தொழிற்சாலையில் அவரை எல்லோரும் மூக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் முதலாளிக்கே மறந்துபோயிருக்கும். அவர் மனைவிக்கு அந்தப் பாக்கியமும் இல்லை; அவள் மூக்கர் வீட்டம்மா. இது அவளுடைய கதை. அவரைப் பற்றிப் பெருமை பேச ஊர் நிறைய ஆள் இருக்கிறது, அவளைப் பற்றிப் பேச நம்மை விட்டால் நாதி கிடையாது.

மல்லிகைத் தேநீர் என்றால் கொதிக்கிற தேநீரில் இரண்டு பூவைக் கிள்ளிப் போடுவது என்று நினைக்கிறவர்கள் உண்டு. அப்படியானால் இத்தனை பேருக்கு அங்கே என்ன வேலை? மதிய வெயிலில் மொட்டாகப் பறித்த பூ சாயங்காலம் கூடை கூடையாக வந்து இறங்கும். அது வாய் திறக்கிற நேரம் பார்த்து, காய்ந்த தேயிலையோடு அடுக்கடுக்காகப் பரப்பிக் குவித்துவிடுவார்கள். பூ விடுகிற மூச்சையெல்லாம் இலை விடிய விடியக் குடிக்கும். நடுவில் குவியல் சூடேறினால் கலைத்து, ஆற்றி, மறுபடி குவிக்க வேண்டும். காலையில் வாடிய பூவைச் சலித்து எறிந்துவிட்டு இலையை உலர்த்துவார்கள். பிறகு மறுபடியும் புதுப் பூ. எத்தனை தடவை இப்படிப் பூப் போட வேண்டும் என்பதைச் சொல்லத்தான் மூக்கர். ஒரு தடவை போட்டால் அவர்கள் கணக்கில் அது ஒரு பூ. ஒரு பூ குறைந்தால் வாசனை மேலோடு வந்து மேலோடு போய்விடும். ஒரு பூ கூடினால் தேநீர் குடிப்பது போல இருக்காது, தலைக்குத் தேய்க்கிற தைலத்தைக் குடிப்பது போல இருக்கும். உலர்ந்த இலையை ஒரு பிடி அள்ளி, அதன்மேல் மெல்ல ஊதி, முகர்ந்து, "போதும்" என்பார். இல்லாவிட்டால் "இன்னொரு பூ" என்பார். அந்த வார்த்தைக்காகத்தான் தொழிற்சாலைக்குப் பின்னால் அவருக்கு வீடு கொடுத்திருந்தார்கள்.

அந்த மூக்குக்குக் காவல் அவள். கல்யாணமாகி வந்த அன்றே சட்டம் சொல்லியாகிவிட்டது. வாசனை சோப்பு கூடாது, பவுடர் கூடாது, தலைக்கு மணக்கிற எண்ணெய் கூடாது. பூண்டு வதக்கக் கூடாது. மீன் பொரிப்பதைப் பற்றிப் பேசவே கூடாது. சமையல் என்றால் அவித்தது, உப்புப் போட்டது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் மீன் பொரிக்கும்போது இவள் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவாள். சாத்துவதற்கு முன் ஆழமாக ஒரு மூச்சு இழுத்துக்கொள்வாள். அந்த மூச்சைத் தொட்டுக்கொண்டுதான் பல நாள் அவித்ததை விழுங்கினாள்.

வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் சட்டம் உண்டு. வாசலிலேயே மறித்து, "குளிச்சிட்டு உள்ள வாங்க" என்பார் மூக்கர். பின்கட்டுக் குளியலறையில் மணமில்லாத சோப்பும் துண்டும் எப்போதும் தயார். அவளுடைய அம்மா ஒரு தடவை பஸ்ஸில் நசுங்கி வந்து இறங்கி, இந்த வார்த்தையைக் கேட்டு, கையில் இருந்த பையைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள்.

"ஏன்டி, நான் என்ன சாக்கடையில விழுந்தா வந்திருக்கேன்?"

அம்மா குளித்தாள், கொடுத்ததைச் சாப்பிட்டாள், அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள். சாகிற வரைக்கும் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. மற்ற எதை மறந்தாலும் மூக்கர் வீட்டம்மாவால் இதை மட்டும் மறக்க முடியவில்லை. என் வாயிலிருந்து அந்த வார்த்தை ஒருநாளும் வராது என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டாள்.

அவர் எப்போது ஓய்வு பெறுவார் என்பதுதான் அவளுடைய ஒரே கணக்கு. மகள் கல்யாணமாகிப் போகும்போது ஒரு வாசனை சோப்பு கொடுத்துவிட்டுப் போனாள். "அப்பா வேலைய விட்ட அன்னிக்கு இதப் போட்டுக் குளிம்மா" என்று சிரித்தாள். அதைத் தகர டப்பாவில் போட்டு, மூடியை இறுக்கி, அலமாரியின் அடியில் பழந்துணிகளுக்குக் கீழே புதைத்து வைத்திருந்தாள். ஊருக்கே பெரிய மூக்கு, தன் வீட்டு அலமாரியில் இருந்த சோப்பைக் கண்டுபிடிக்கவில்லை. டப்பா அவ்வளவு இறுக்கம் என்று அவள் நினைத்துக்கொண்டாள், பாவம்.

தினமும் சாயங்காலம் மூக்கர் வீட்டில் உட்கார்ந்து ஒரு கோப்பை மல்லிகைத் தேநீர் குடிப்பார். அவளுக்கு வெறும் தேநீர்தான், அவளும் கேட்டதில்லை. ஒருநாள் தண்ணீர் சுட்ட பிறகுதான் மல்லிகை இலை தீர்ந்துபோனதைப் பார்த்தாள். திட்டு வாங்கத் தயாராகி, தன்னுடைய வெறும் இலையையே போட்டுக் கொண்டுபோய் வைத்தாள். அவர் ஒரு வாய் உறிஞ்சினார். கண்ணை மூடினார்.

"நாலு பூ. நல்லா எறங்கியிருக்கு" என்றார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சமையலறைக்குப் போய் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாள் பக்கத்து வீட்டில் ஒரு கைப்பிடி பூண்டு வாங்கி வந்து, கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு, எண்ணெயில் போட்டு வதக்கு வதக்கென்று வதக்கினாள். வீடே கமகமவென்று இருந்தது. மூக்கர் வந்தார், சட்டையைக் கழற்றி மாட்டினார், "இன்னிக்கு என்ன சமையல்?" என்று கேட்டார்.

அவள் வாணலியைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "நீங்களே சொல்லுங்க."

அவர் வாணலியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"போயிடுச்சும்மா. பொண்ணு கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு காய்ச்சல் வந்துச்சுல்ல, அதோட போயிடுச்சு. இன்னிக்கு வரும் நாளைக்கு வரும்னு பாத்தேன்."

"அப்புறம் எப்படிங்க போதும்னு சொல்றீங்க?"

"கைய வச்சுச் சூடு பாப்பேன். வாடின பூவோட நிறம் பாப்பேன். அதுலயும் தெரியலைன்னா, குவியலக் கிளறுறவன் மூஞ்சியப் பாப்பேன்."

வேறு நேரமாக இருந்தால் அவளுக்குச் சிரிப்பு வந்திருக்கும். "அப்ப நான் எதுக்குங்க இத்தனை வருஷமா அவிச்சதையே தின்னுக்கிட்டு இருந்தேன்?"

"மூக்கர் வீட்ல திடீர்னு பூண்டு மணந்தா ஊரு சும்மா இருக்குமா? ஏன் எதுக்குன்னு கேக்காதா?"

இதைச் சொல்லும்போது அவர் நியாயம் பேசுகிற தொனியில்தான் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. வதக்கிய பூண்டை ஒரு பல் விடாமல் தானே உட்கார்ந்து தின்றாள். அந்த வைராக்கியம் நீடித்திருந்தால் இந்தக் கதை இங்கேயே சுபமாக முடிந்திருக்கும். ஆனால் அந்த வாரமே வெளியூர் வியாபாரி ஒருவர், வாசனை நிற்கவில்லை என்று ஒரு சரக்கைத் திருப்பி அனுப்பினார். மூக்கர் மதியச் சாப்பாட்டுக்கு வரும்போது முகம் செத்துப்போயிருந்தது. சட்டைப் பையிலிருந்து சின்ன டப்பா ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"நீ கொஞ்சம் பாரேன்."

கோபத்தோடுதான் வாங்கினாள். அவர் செய்வதைப் பார்த்த பழக்கத்தில் மேலாக ஊதி முகர்ந்தாள். சட்டென்று முகம் மாறியது.

"இது பத்தாதுங்க. பூ வாசல்லயே நிக்குது, உள்ள வரல. டப்பாவுக்குப் பக்கத்துல யாரோ சிகரெட் வேற பிடிச்சிருக்காங்க."

மூக்கர் வாயைப் பிளந்தார். கணக்காளர் பீரோவுக்குப் பின்னால் ஒளிந்து சிகரெட் பிடிப்பது தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்? இத்தனை வருஷம் ஒரு வாசனையும் அண்டாமல் வளர்த்த மூக்கு அது. அவருக்காகக் கட்டிய காவலுக்குள் அவளுடையதுதான் கூர்மையாகியிருந்தது.

அன்றிலிருந்து மதியம் டப்பா வரும். அவள் சொல்வாள், அவர் போய் அதையே தொழிற்சாலையில் சொல்வார். சரியா தவறா என்று குடித்துப் பார்க்க வேண்டாமா? கொதித்த தண்ணீரைச் சற்று ஆற விட்டு, இலைமேல் ஊற்றி, மூடி வைத்துக் காத்திருந்து, மூடியைத் திறப்பாள். முதலில் பூ வரும். குடிக்கும்போது இலை வரும், லேசான துவர்ப்போடு. விழுங்கிய பிறகு, எல்லாம் முடிந்தது என்று நினைக்கிற நேரத்தில், தொண்டையிலிருந்து பூ திரும்பி வரும். முதல் தடவை அது வந்தபோது அவள் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு நாளும் தன் வீட்டிலேயே இருந்த இந்தச் சந்தோஷத்தை யாரும் தனக்குச் சொல்லவில்லையே என்று இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், அவள் சந்தோஷமாக இருந்தாள். மதியம் எப்போது வரும் என்று காத்திருந்தாள். பூண்டு வாங்குவதை அவளாகவே விட்டாள். பக்கத்து வீட்டில் மீன் பொரித்தால், மூச்சு இழுக்காமல் ஜன்னலைச் சாத்தினாள்.

ஓய்வு பெறுகிற நாள் வந்தது. மூக்கர் வீட்டம்மா அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்துத் தூசி தட்டி வைத்திருந்தாள். மூக்கர் மாலையும் கழுத்துமாக வருவார் என்று பார்த்தால், வெறும் கழுத்தோடு வந்தார்.

"முதலாளி விட மாட்டேங்குறாரு. மூக்கரே, வயசாக ஆக உங்க மூக்கு கூர்மையாகிட்டே போகுது, ஒடம்புல தெம்பு இருக்கிற வரைக்கும் நீங்கதான்னுட்டாரு."

சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை வேறு. தன் கெட்டிக்காரத்தனமே தன் காலைக் கட்டியது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. டப்பாவை மறுபடி பழந்துணிகளுக்குக் கீழே வைத்தாள்.

மகளுக்குக் குழந்தை பிறந்தது, அது உட்காரவும் பழகிவிட்டது. "ஒரு மாசம் வந்து இரும்மா" என்று ஃபோனில் கெஞ்சினாள். "அப்பாவுக்குச் சாப்பாட்டுக்குக் கஷ்டம்டி" என்று அம்மா பூசி மெழுகினாள். ஃபோனை வைத்துவிட்டு நெடுநேரம் அழுதாள். அப்புறம் ஒரு முடிவுக்கு வந்தாள். ஒரே ஒரு பொய் போதும். பத்தாத சரக்கைப் போதும் என்று சொல்லிவிட்டால் அது திரும்பி வரும், முதலாளி மூக்கருக்கு மரியாதையாக மாலை போட்டு அனுப்பிவிடுவார், அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விடலாம். இதில் யாருக்கு என்ன குடி முழுகிவிடும்?

பெரிய சரக்கு ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. மூக்கர் மதியம் டப்பாவைக் கொண்டுவந்தார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு திறந்தாள். ஊதினாள். அருமையான இலை, அருமையான பூ. இன்னும் ஒரே ஒரு பூ வேண்டும், பாதி பின்னிய சடை போல நிற்கிறது. மனதுக்குள் போதும், போதும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வாயைத் திறந்தாள்.

"இன்னொரு பூ" என்றாள்.

மூக்கர் தலையாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டு பரிமாறினாள். போதும் என்று சொல்லவிடாமல் அவளை யாரும் தடுக்கவில்லை, அவள் மூக்கைத் தவிர.

மறுநாள் காலை, தொழிற்சாலையில் கடைசிப் பூவைச் சலித்து எடுத்து இலையை உலர்த்திக்கொண்டிருந்த நேரம், சொல்லாமல் கொள்ளாமல் மகள் வந்து வாசலில் நின்றாள். தோளில் பை, இடுப்பில் குழந்தை. "நீ வர மாட்டேன்னுட்ட, அதான் நானே வந்துட்டேன்" என்றாள்.

மூக்கர் வீட்டம்மா ஓடினாள். இரண்டு கையையும் நீட்டினாள். குழந்தையும் அவளைப் பார்த்துக் கையை நீட்டியது. அப்போதுதான் அது வந்தது: பவுடர், பால், குழந்தை சோப்பு, அதற்கடியில் குழந்தையின் வியர்வை. அவள் வாழ்க்கையில் இவ்வளவு நல்ல வாசனையை முகர்ந்ததில்லை. தூக்கினால் அது கையோடும் புடவையோடும் தங்கிவிடும். மதியம் டப்பா வரும்.

நீட்டிய கை அந்தரத்திலேயே நின்றது.

"குளிச்சிட்டு உள்ள வாம்மா" என்றாள். "குழந்தையையும் குளிப்பாட்டிடு."

மகள் பையைக் கீழே வைக்கவில்லை. அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து மூக்கர் வந்து, குழந்தையை வாங்கி, அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக் கொஞ்சினார். அவர் தாராளமாகத் தூக்கலாம். அவருக்குத் தெரியப்போவது ஒன்றுமில்லை.

"நான் குடுத்தேனே ஒரு சோப்பு, அது எங்கம்மா?" என்று மகள் கேட்டாள்.

"இருக்கு. டப்பாவுலயே இருக்கு" என்று சொல்லிவிட்டு, மூக்கர் வீட்டம்மா துண்டு எடுக்கப் போனாள்.