பால்கோவாவுக்குள் ஒரு மாத்திரை

தொண்ணூறுகளில் ராஜபாளையம் மில்லில் நாளெல்லாம் நின்றே வேலை பார்த்த எனக்கு இடுப்புவலி வந்தது. டாக்டரம்மா மாத்திரை எழுதித் தந்தார். எனக்கோ எந்த மாத்திரையும் தொண்டையில் இறங்காது. எங்கள் வீட்டில் மாத்திரையைக் கரண்டியால் நசுக்கித் தேனில் குழைத்துத்தான் தின்போம். என் வீட்டுக்காரர் பாசமாக இதையும் மாவாக்கித் தந்தார். வலி பறந்துபோனது. சாயங்காலமே திரும்பி வந்தது, வயிற்றெரிச்சலையும் கூட்டிக்கொண்டு.

மறுநாள் டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"இது நாள் முழுக்கக் கொஞ்சங் கொஞ்சமாக் கரையுறதும்மா. பொடிச்சா அம்புட்டு மருந்தும் ஒரேயடியா எறங்கிரும். முழுசா முழுங்கணும்."

ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் அன்று பால்கோவாவோடு வந்தார். ஒரு விள்ளலுக்குள் மாத்திரையைப் புதைத்து உருட்டினார்.

"ஏட்டி, மெல்லாம முழுங்கு பாப்போம்."

வழுக்கிக்கொண்டு இறங்கியது. மறுநாள் மில்லில் வேலை முடியும்வரை வலியும் இல்லை, எரிச்சலும் இல்லை.

சில மாதங்களில் வெறும் தண்ணீரிலேயே விழுங்கப் பழகிவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவர் கையிலிருக்கும் அந்தப் பொட்டலத்தை வேண்டாமென்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா?